பாப்பாவுக்கு அப்பா எழுதுவது

பாப்பா,

இங்கே எல்லாரும் சுகம். பெரியம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மற்றதை அம்மா போனில் சொல்லியிருப்பாள்.

வியாழக்கிழமை வீடியோவில் பேசினாயே, பின்னால் மேஜையில் மாத்திரை டப்பா தெரிந்தது. ஞாயிறிலிருந்து எல்லா அறையும் நிறைந்திருந்த மாதிரி பட்டது. என் கண்ணாடி பழசு. சரி, விடு.

பெல்ட் இல்லாமலே நடக்கிறேன் என்றாய். முதுகைப் பிடித்துக்கொண்டே பரீட்சை எழுதி வேலை வாங்கியவள் நீ, பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அந்தப் பிடிவாதத்தை மருந்து விஷயத்தில் காட்டாதே. வலி நிற்பது வேறு, கிருமி சாவது வேறு. எலும்பில் உட்கார்ந்த கிருமி லேசில் போகாது. நுரையீரல் டி.பி.க்கு 6 மாதம் என்றால் உன் முதுகெலும்புக்கு 12 மாதம் என்று டாக்டர் எழுதியது சும்மாவா? இது 5-வது மாதம்தான். நரம்பு அழுந்துவதற்குள் கண்டுபிடித்துவிட்டோம், ஆபரேஷன் வேண்டாம், மாத்திரையிலேயே குணமாகும் என்றாரே. முழுசாகச் சாப்பிட்டால் என்றும் சொன்னார். கண் மஞ்சளானாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே டாக்டரிடம் போ. அப்போது அடுத்த வேளை மாத்திரையைப் போடுவதா என்று அவரைக் கேட்டுக்கொள். மற்றபடி மாத்திரையை விடாதே.

மூத்திரம் இன்னும் ஆரஞ்சாகத்தான் போகிறதா? ரிஃபாம்பிசின் என்கிற டி.பி. மாத்திரையால் அப்படிப் போகும் என்று டாக்டருக்கு முன்னால் நான்தான் உனக்குச் சொன்னேன். எப்படித் தெரியும் என்று கேட்டாய். பேப்பரில் படித்ததாகச் சொன்னேன்.

படிக்கவில்லை, பாப்பா. உனக்கு 3 வயதில் எனக்கு நுரையீரலில் டி.பி. வந்தது. இருமல் நின்றதும் 3-வது மாதத்தோடு மாத்திரையை விட்டேன். அந்த வருஷமே திரும்ப வந்தது. கண்டுபிடிக்கிற வரை நீ என் மார்பில்தான் படுத்துத் தூங்கினாய். வீட்டில் யாருக்காவது இருந்ததா என்று உன் டாக்டர் கேட்டபோது, உன் எதிரிலேயே "இல்லை" என்று சொல்லிவிட்டேன். அம்மாவும் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் கிருமி வருஷக்கணக்கில் உடம்பில் தூங்கிவிட்டு ஒருநாள் எழுந்துகொள்ளுமாம். என்னிடமிருந்துதான் வந்ததா என்று இனி யாரும் சொல்ல முடியாது. எனக்குத் தூக்கம் போய்விட்டது.

என் பழைய சிகிச்சை அட்டையை இதோடு வைத்திருக்கிறேன், டாக்டரிடம் காட்டு. முதல் தடவை போட்ட டிக்குகள் எங்கே நிற்கின்றன என்று நீயும் பார்.

ஞாயிறு கூப்பிடுகிறேன். டப்பாவைக் கேமரா பக்கம் திருப்பி வை.

அப்பா