தோளையும் ஒரு வார்த்தை விசாரியுங்கள்

ஆசிரியருக்கு,

குடியாத்தத்தில் லுங்கித் தறியில் உட்கார்ந்தே வயதானவன் நான். எங்கள் தெருவில் அறுபதைத் தாண்டிய பலருக்குக் கை தலைக்கு மேலே போகாது. பெண்களுக்கு ஜாக்கெட் போடுவதே பெரும்பாடு. "வயசாச்சு, அப்படித்தான்" என்று மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்குகிறார்கள். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உள்ளவர்கள் அதைத் தொடர்ந்து போட்டால் சிறுநீரகம் கெடலாம் என்பது யாருக்கும் உறைப்பதில்லை.

சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது மற்றவர்களைவிட அதிகம். அது குணமாக ஒன்றிரண்டு வருடம்கூட ஆகலாம். மாதாமாதம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரைக்கு வரிசையில் நிற்பவர்களும் இவர்களே. அங்கேயே கையைத் தூக்கச் சொல்லி, எவ்வளவு உயர்ந்தது என்று நோட்டில் எழுதினால் அடுத்த மாதம் ஒப்பிடலாமே. பயிற்சி சொல்லித் தருகிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை: சுவரில் விரல்களால் மெல்ல ஏறுவது, குனிந்து கையைத் தொங்கவிட்டு ஆட்டுவது. அப்புறம் செய்தாரா, விட்டாரா என்று கேட்கத்தான் ஆளில்லை.

2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சையும் (பிசியோதெரபி) உண்டு. படுக்கையில் கிடப்பவர்களோடு இந்தத் தோள்காரர்களையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம். ஆறு வாரத்தில் தேறாதவர்களை அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கு எழுதி அனுப்பட்டும்.

இன்னொன்று: வியர்வை, மூச்சுத் திணறலோடு திடீரென்று தோள் வலித்தால் சுவர் ஏறிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

– ஒரு நெசவாளர், குடியாத்தம், வேலூர் மாவட்டம்