தோட்ட வருமானம்: யாரை எண்ணுகிறோம்?

சுங்கை சிப்புட்

அன்புள்ள நடராஜா,

இங்கே எல்லாரும் நலம். மழைதான் விட்டபாடில்லை, பால்மரம் சீவுகிறவர்களுக்கு வேலை நாள் குறைந்துபோனது. உன் அண்ணன் மகளின் ஆய்வுத் திட்டத்தைப் படித்தேன். பொருளாதாரத் துறைப் பிள்ளை என்பது எழுத்திலேயே தெரிகிறது. ஆனால் ‘தோட்டத் தமிழரின் வறுமை’ என்கிற தலைப்பு ரொம்ப அகலம். ஓர் ஊர், இரண்டு தோட்டம் என்று சுருக்கிக்கொள்ளச் சொல்.

வறுமை விகிதத்தை 2016 முதல் 2022 வரை ஒரே கோடாக வரைந்திருக்கிறாள். அது கூடாது. மலேசியாவில் 2016-இல் வறுமைக் கோடு ஒரு குடும்பத்துக்கு மாதம் 980 வெள்ளி (ரிங்கிட்), விகிதம் 0.4 விழுக்காடு. 2019-இல் கணக்கிடும் முறையையே மாற்றிக் கோட்டை 2,208 வெள்ளிக்கு உயர்த்தினார்கள். புதிய முறையில் பார்த்தால் அதே 2016-க்கு 7.6 விழுக்காடு வருகிறது, 2019-க்கு 5.6, 2022-க்கு 6.2. பழைய 0.4-ஐ இந்த வரிசையில் சேர்த்தால் மூன்று ஆண்டில் நாடே ஏழையானதுபோல் படம் காட்டும். இன்னொன்று: 2022-க்குச் சொல்லும் 2,589 வெள்ளி தேசிய சராசரி. குடும்பத்தில் எத்தனை பேர், எங்கே குடியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துக் கோடு வீட்டுக்கு வீடு மாறும். தனியாக இருக்கும் பாட்டிக்கும் ஏழு பேர் வீட்டுக்கும் ஒரே 2,589-ஐப் போட்டால் இரண்டுமே தப்பு.

இதெல்லாம் சரிசெய்யக்கூடியவை. எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது, எண்ணப்படுகிறவர்கள் யார் என்பதை அவள் கேட்கவே இல்லை. புள்ளிவிவரத் துறையின் குடும்ப வருமான எண்கள் மலேசியக் குடிமக்களின் குடும்பங்களுக்கானவை. தொழிலாளர் விடுதிபோன்ற இடங்கள் அதில் சேராது. இன்று செம்பனைக் (எண்ணெய்ப்பனைக்) குலை வெட்டுகிறவர்களில் பெரும்பகுதி இந்தோனேசியர், வங்காளதேசிகள். அவர்கள் வெட்டிய குலை உள்நாட்டு உற்பத்தியில் ஏறுகிறது. அவர்கள் கூலி குடும்ப வருமானத்தில் ஏறுவதில்லை. கம்பெனியின் இலாபம் கோலாலம்பூர்ப் பங்குதாரருக்குப் போகிறது. ஆகவே உற்பத்தி உயர்ந்தது, ஊர் வருமானம் உயரவில்லை என்று ஒரு பத்தி எழுதி அதைப் புதிர் என்று விடுவது வீண். எண்கள் இரண்டும் வெவ்வேறு ஆட்களைப் பற்றியவை.

எல்லையும் அப்படித்தான். மாவட்ட எண்ணை எடுத்தால் நாங்கள் கோலகங்சாருக்குள் அடக்கம். அரசு ஊழியர் நிறைந்த அந்த அரச நகரமும் எங்கள் லயமும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளும்) ஒரே சராசரியில் கரையும். நாடாளுமன்றத் தொகுதிவாரி எண்ணும் வெளிவருகிறது, அதை எடுக்கட்டும். இந்தியக் குடும்பங்களின் இடைநிலை வருமானம் (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) 2022-இல் 6,627 வெள்ளி, நாட்டின் 6,338-ஐவிட அதிகம் என்று காட்டிப் பேசுகிறவர்களுக்கும் இதே பதில்தான்: இந்தியர்களில் மிகப் பெரும்பாலோர் நகர்ப்புறத்தில் இருக்கிறார்கள். நகரத்தை நகரத்தோடும் தோட்டத்தைத் தோட்டத்தோடும் ஒப்பிட வேண்டும்.

களத்துக்கு வந்தால் வீடுகளின் பட்டியலை ஒரே இடத்தில் வாங்கக் கூடாது. தோட்ட அலுவலகப் பட்டியலில் இன்னும் வேலையில் இருப்பவர் மட்டும் இருப்பார். லயத்தைவிட்டுத் தாமானுக்கு (வெளியே உள்ள குடியிருப்புக்கு) போனவர் இருக்கமாட்டார். தமிழ்ப்பள்ளிப் பதிவேட்டில் பிள்ளை படிக்காத வீடு, குறிப்பாக முதியவர் வீடு விட்டுப்போகும். கோயில் வரிப் பட்டியலையும் சேர்த்து, மூன்றையும் ஒப்பிட்டு, இரட்டிப்பை நீக்கிவிட்டு அதிலிருந்து குலுக்கல் முறையில் எடுக்கட்டும்.

“சம்பளம் எவ்வளவு?” என்று கேட்டால் கையில் வாங்கும் தொகையைத்தான் சொல்வார்கள். வறுமைக் கோட்டோடு ஒப்பிடுவதோ பிடித்தத்துக்கு முந்திய வருமானம். சேமநிதிக்கு மட்டுமே 11 விழுக்காடு போகிறதே! சம்பளச் சீட்டைப் பார்க்கச் சொல். குலைக்கூலி, உதிரிப்பழக் கூலி, கூடுதல் நேரம் எல்லாம் தனித்தனியாக இருக்கும். ஒரு மாதச் சீட்டு போதாது. செம்பனையில் ஆண்டுத் தொடக்கம் காய்ப்புக் குறைவு, ஆண்டின் பிற்பாதியில் உச்சம். ரப்பரில் இலையுதிரும் மாதங்களில் பால் வற்றிவிடும். பன்னிரண்டு மாதமும் கேட்பதே சரி. முடியாவிட்டால் குறைந்த மாதம் ஒன்று, உச்ச மாதம் ஒன்று என்றாவது எடுக்கட்டும். பினாங்கிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மகன் அனுப்பும் பணத்தைத் தனிக் கேள்வியாகக் கேட்காவிட்டால் யாரும் சொல்லமாட்டார்கள். அது அவர்களுக்கு வருமானமாகவே தோன்றாது.

படிக்க வேண்டியவற்றில் பொருளாதார அறிஞர் உங்கு அசீஸ் 1951 முதல் 1960 வரையிலான தோட்டத் துண்டாடல் (பெரிய தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றது) பற்றிச் செய்த ஆய்வை முதலில் வைக்கச் சொல். 1962-இல் மலாயாப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. நிலம் கைமாறியபோது தொழிலாளிக்கு என்ன ஆயிற்று என்பதைத் தோட்டம் தோட்டமாகப் பார்த்த வேலை அது. இன்றைய கட்டுரைகளில் அந்தப் பொறுமை அபூர்வம். அதே துண்டாடலுக்கு எதிராகத்தான், எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல், தொழிலாளர்களே பங்கு சேர்த்துத் தோட்டம் வாங்கும் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஆய்வும் கொள்கையும் எங்கே தொட்டுக்கொண்டன என்பது அவளுக்குப் புரியும்.

கேள்வித்தாளை அச்சடிப்பதற்கு முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பச் சொல். இங்கே நாலைந்து வீட்டில் கேட்டுப் பார்த்து, எந்தக் கேள்வி தடுக்குகிறது என்று குறித்து அனுப்புகிறேன். தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
கோவிந்தன்