படத்தில் விமானி இல்லை

அன்புள்ள மாப்ளே,

இத்தனை மாதமாக ஒரு வரி எழுதவில்லை, கோபமாகத்தான் இருப்பாய். எல்லோரும் நலம். பெரியவனுக்கு வேலை கிடைத்துவிட்டது. நம் தாடிக்காரன் இன்னும் அப்படியேதான், பணத்தைக் கேட்டால் பாட்டுப் பாடுகிறான். சரி, அதை விடு.

இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் ஓவியங்களின் தொகுப்பு ஒன்று கைக்கு வந்தது. 1939இல் லண்டன் தேசிய ஓவியக்கூடத்தின் இயக்குநர் கென்னத் கிளார்க் தலைமையில் ஒரு குழு அமைத்து, ஓவியர்களைக் கப்பலுக்கும் தொழிற்சாலைக்கும் விமானத் தளத்துக்கும் அனுப்பி வரையவைத்தார்கள். நல்ல ஓவியர்கள் போரில் செத்துவிடக் கூடாது என்பதும் கிளார்க்கின் எண்ணம். அப்படியும் அவர்களில் ஒருவரான எரிக் ரவிலியஸ் 1942இல் ஐஸ்லாந்தில் ஒரு தேடுதல் விமானத்தில் ஏறிப் போனவர் திரும்பவில்லை. வயது 39.

அதில் ஒரு பென்சில் ஓவியம், மாப்ளே! வெட்டவெளியில் லங்காஸ்டர் என்ற குண்டுவீச்சு விமானம் ஒன்று நிற்கிறது. எஞ்சின் மூடியைக் கழற்றிவிட்டு மேலே ஏறி நின்று வேலை பார்க்கிறார்கள். விமானி ஒருவர்கூட இல்லை. விமான மெக்கானிக்கான உன்னிடம் 'எத்தனை தடவை பறந்தே?' என்று உன் மாமா கேட்டாரே, அவரிடம் இதைக் காட்ட வேண்டும்.

முகங்களுக்கு இரண்டு மூன்று கோடுதான். முழங்கையையும் வளைந்த முதுகையும் ஓவியர் அழுத்தி வரைந்திருக்கிறார். அதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. வேலையில் மூழ்கியவனை அவன் முதுகை வைத்தே அடையாளம் சொல்லலாம்.

ஒரு லங்காஸ்டரில் பறப்பவர்கள் 7 பேர். நான்கு மெர்லின் எஞ்சினுக்கு ஃபிட்டர், உடலுக்கு ரிக்கர், குண்டுக்கும் தோட்டாவுக்கும் ஆர்மரர் என்று கீழே ஒரு கூட்டமே உழைத்தது. பெரும்பாலும் திறந்தவெளியில், பனியிலும் மழையிலும். சின்ன நட்டைப் பிடிக்கக் கையுறை உதவாது, வெறுங்கைதான். வேலை முடிந்ததும், விமானம் பறக்கத் தயார் என்று உறுதி சொல்லும் ஃபார்ம் 700 என்ற பதிவேட்டில் கையெழுத்து. இதையெல்லாம் உனக்கா சொல்ல வேண்டும்? ஆனால் சினிமாவிலும் சிலையிலும் விமானி மட்டும்தானே நிற்கிறான், எனக்கு ஆத்திரமாக வருகிறது.

ஸ்டெல்லா போவன் என்ற ஆஸ்திரேலிய ஓவியர் 1944இல் ஒரு லங்காஸ்டர் குழுவின் 7 பேரை வரைந்தார். படம் முடிவதற்குள் விமானம் வீழ்ந்தது, பிழைத்தவர் ஒருவர்தான். அந்த முகங்களைப் பார்க்கவே முடியவில்லை. அப்புறம் நினைத்தேன், அன்று கையெழுத்துப் போட்டு அனுப்பிய ஃபிட்டர் என்ன ஆகியிருப்பான்? எதையாவது விட்டுவிட்டோமா என்று எத்தனை இரவு விழித்துக் கிடந்தானோ. நீ அனுப்பிய விமானம் இறங்குகிற வரைக்கும் காது வானத்திலேயே இருக்கும் என்று ஒருமுறை சொன்னாயே, அது இப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிகிறது.

ஓவியத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். இடது ஓரத்தில் ஒருத்தன் தோள் வரை கையை எஞ்சினுக்குள் விட்டிருக்கிறான். எதைத் தேடுகிறான்? ஒவ்வொருத்தர் பக்கத்திலும் அவர் செய்கிற வேலையை எழுதி அனுப்பு. சீக்கிரம் அனுப்புடா.

அன்புடன்,
உன் மாப்ளே