நேரில் போய்க் கேட்காத துக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமூக வலைதளங்களை விட்டு விலகுவது பற்றி அண்மைக்காலமாகப் பலரும் பேசுகிறார்கள். எட்டு மாதங்களுக்கு முன் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் விட்டவன் என்ற முறையில், அந்தப் பேச்சில் விடுபட்டுப்போகும் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். விட்ட பிறகு கையில் மிஞ்சும் நேரத்தோடு எழுந்து நாலு பேர் வீட்டுக்குப் போவதுதான் கடினமான வேலை.

கல்லூரியில் என்னோடு படித்த நண்பரின் தந்தை காலமான செய்தியை நான் ஃபேஸ்புக்கில்தான் பார்த்தேன். அந்தப் பெரியவர் பரிமாறிய சாப்பாட்டை எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட்டவன் நான். அலுவலகத்தில் மாதக் கணக்கு முடிக்கும் நாள் என்பதால், 'ஆழ்ந்த இரங்கல்' என்று எழுதி, கைகூப்பும் படம் ஒன்றையும் சேர்த்துவிட்டு வேலையில் மூழ்கிவிட்டேன். எனக்கு முன்பே பலர் அதே இரண்டு சொற்களை எழுதியிருந்தார்கள். பதினாறாம் நாள் காரியமும் முடிந்து, இரண்டு மாதம் கழித்து, மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் காய் வாங்கிக்கொண்டிருந்த நண்பரை எதிர்பாராமல் பார்த்தேன். "அப்பா விஷயம்..." என்று நான் இழுத்தபோது, "பார்த்தேன், போட்டிருந்தியே" என்றார். அதைக் கோபமாகச் சொல்லவில்லை. முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்தபடியே சொன்னார். நல்லதற்கு அழைத்தால் போக வேண்டும், கெட்டதற்கு அழைக்காமலே போக வேண்டும் என்று பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவனுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

அந்த வாரமே கணக்கை நீக்கக் கோரினேன். அதற்கு 30 நாள் அவகாசம் தருகிறார்கள். இடையில் உள்ளே நுழைந்து ரத்து செய்துகொள்ளலாம். நான் இரண்டு முறை அப்படிச் செய்து, மூன்றாம் முறைதான் வெளியேறினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வாட்ஸ்அப்பை வெளியூரில் இருக்கும் மகனுக்காக வைத்துக்கொண்டு, குழுக்களிலிருந்து மட்டும் விலகினேன். குடும்பக் குழுவை விட்டதற்கு மைத்துனர் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை!

2018இல் அமெரிக்க நாடாளுமன்ற இடைக்காலத் தேர்தலையொட்டி ஸ்டான்ஃபோர்ட், நியூயார்க் பல்கலைக்கழகங்களின் பொருளியலாளர்கள் ஓர் ஆய்வு நடத்தினார்கள். அதில் ஒரு பகுதியினர் நான்கு வாரங்கள் ஃபேஸ்புக்கை நிறுத்திவைத்தபோது, அவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் ஒரு மணி நேரம் மிச்சமானது; மனநிறைவு சிறிதளவு கூடியது; நாட்டு நடப்பு பற்றிய அறிவு குறைந்தது. என்னை யோசிக்க வைத்தது இன்னொரு முடிவு. மிச்சமான நேரத்தில் அவர்கள் குடும்பத்தாரோடும் நண்பர்களோடும் கூடுதலாகப் பழகினார்கள். தனியாக உட்கார்ந்து தொலைக்காட்சியும் கூடுதலாகப் பார்த்தார்கள். என் முதல் இரண்டு மாதங்கள் முழுக்க அந்தத் தொலைக்காட்சிக் கணக்கில்தான் போயின.

ஃபேஸ்புக்கில் 5,000 பேர் வரை நட்பில் சேர்த்துக்கொள்ளலாம். மனிதர் ஒருவரால் ஏறத்தாழ 150 பேரோடுதான் உறவைப் பேண முடியும், அதிலும் மிக நெருக்கமானவர்கள் ஐந்து பேர் அளவில்தான் இருப்பார்கள் என்பது பிரிட்டிஷ் மானுடவியலாளர் ராபின் டன்பரின் கருத்து. அதில் மாற்றுக் கருத்து உள்ளவர்களும் உண்டு. நான் பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில், நள்ளிரவிலும் தயங்காமல் கதவைத் தட்டக்கூடிய வீடுகளை எழுதிப் பார்த்தேன். பதினொன்று வந்தது. அவற்றில் ஏழு வீடுகளுக்கு நான் போய் மூன்று ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.

இந்த நகரத்தில் காரணமில்லாமல் ஒருவரைப் பார்க்கப் போவது இப்போது எளிதல்ல. தொலைபேசியில் "ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா?" என்று கேட்டால், "என்ன விஷயம், எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்று பதறுகிறார்கள். ஒருவர் பத்திரிகை வைக்க வருகிறேன் என்றே நினைத்துவிட்டார். இன்னொருவர் கடன் கேட்கப்போகிறேன் என்று நினைத்தார் போலும், பேச்சோடு பேச்சாகத் தம் வீட்டுக் கடன் தவணையைப் பற்றிச் சொல்லிவைத்தார்.

வலைதளங்களை அடியோடு பழிக்கவும் எனக்கு மனம் வரவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கே படகு வேண்டும், எந்தத் தெருவுக்குச் சாப்பாடு போகவில்லை என்பதை அவற்றின் வழியாகத்தான் பலரும் ஒருவருக்கொருவர் தெரிவித்துக்கொண்டார்கள். ஆனால் அன்று அந்தச் செய்தியைப் பார்த்த யாரோ ஒருவர் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நடந்தார்.

நண்பர் வீட்டுக்குப் போக வெட்கம் தடுத்ததால் மேலும் மூன்று மாதம் கடத்தினேன். பிறகு ஒரு ஞாயிறு மாலை பெரம்பூரில் 29சி பேருந்தைப் பிடித்து மயிலாப்பூரில் இறங்கினேன். அவர் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறார். வாயிலில் இருந்த குறிப்பேட்டில் 'நோக்கம்' என்ற கட்டத்தில் எனக்கு மேலே கூரியர், பிளம்பர், தண்ணீர் கேன் என்று எழுதியிருந்தது. நான் 'சும்மா' என்று எழுதினேன். "அப்படிப் போடக்கூடாது சார், ஏதாவது வேலை எழுதுங்க" என்றார் காவலாளி. அடித்துவிட்டு, 'துக்கம் விசாரிக்க' என்று எழுதினேன். "இங்கே யாரும் தவறலையே சார்" என்று அவர் குழம்பினார். ஐந்து மாதமாகிறது என்றேன். அதன் பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை. மேலே போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்பாவைப் பற்றிப் பேசியது பத்து நிமிடம்கூட இருக்காது.

அடுக்குமாடிக் குடியிருப்பு நலச் சங்கங்களுக்குத் தங்கள் நாளிதழ் வாயிலாக ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். பாதுகாப்பு வேண்டும்தான். ஆயினும் முன்கூட்டிச் சொல்லாமல் வரும் உறவினரும் நண்பரும் வெயிலில் நிற்காமல் உட்கார வாயிலில் இரண்டு நாற்காலிகள் போடலாம். அந்தக் கட்டத்தில் 'சும்மா பார்க்க' என்று எழுதினாலும் உள்ளே விடச் சொல்லிக் காவலாளிகளுக்கு அறிவுறுத்தலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பெரம்பூர், சென்னை - 11.