கொக்கோவின் விலையை எழுதினீர்கள், இயல்பை எழுதவில்லையே

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த வார விவசாயப் பக்கத்தில் வெளிவந்த கொக்கோ கட்டுரையைப் படித்தேன். திருகோணமலை மாவட்டத்தில் நிலாவெளி முதல் மூதூர் வரை வீட்டுக்கு ஒரு கன்று நட்டால் போதும், சில ஆண்டுகளில் பணம் கொட்டும் என்கிறது அது. கன்று விற்பவரின் துண்டுப்பிரசுரத்தைத்தான் அச்சேற்றிவிட்டீர்களோ என்று நினைத்தேன். எங்கள் பகுதியில் சிலர் அதை நம்பிக் கன்றுக்கு முற்பணமும் கொடுத்துவிட்டார்கள்.

கொக்கோ மேல் அமேசன் காட்டில், பெருமரங்களின் நிழலில் பிறந்த மரம். ஈக்குவடோரில் 5,300 ஆண்டுகளுக்கு முந்திய பாத்திரங்களில் அதன் எச்சங்களைக் கண்டறிந்து 2018இல் வெளியிட்டார்கள். அத்தனை காலம் மனிதனோடு பழகியும் அது காட்டுக் குணத்தை விடவில்லை. ஆண்டுக்கு 1,500 முதல் 2,000 மில்லிமீற்றர் மழை வேண்டும். அதுவும் பரவலாகப் பெய்ய வேண்டும். மாதமழை 100 மில்லிமீற்றருக்குக் குறையும் காலம் மூன்று மாதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான அளவுகோல். திருகோணமலையிலும் 1,500க்குச் சற்று மேல் பெய்கிறது. கட்டுரையாளர் அந்தக் கூட்டுத்தொகையோடு நிறுத்திக்கொண்டார் போலும். அதில் பாதிக்கு மேல் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்ந்துவிடும். மார்ச் முதல் ஓகஸ்ட் வரை ஆறு மாதம் வறட்சி. அதற்கு மேல் தென்மேற்கிலிருந்து வறண்டு வீசும் கச்சான் காற்று. அந்தக் காற்றில் வாழையிலையே கிழிந்து தொங்கும்போது கொக்கோவின் இளந்தளிர் என்ன பாடுபடும்!

பூ விஷயம் இன்னும் சிக்கலானது. மரம் ஓர் ஆண்டில் ஆயிரக்கணக்கில் பூக்கும். காயாவது நூற்றில் ஒன்று முதல் ஐந்து வரைதான். தேனீயால் இங்கே பெரிய பயனில்லை. ஒன்று முதல் மூன்று மில்லிமீற்றர் நீளமுள்ள ஒரு வகைச் சிற்றீக்கள்தான் மகரந்தத்தைக் கொண்டுசெல்கின்றன. ஈரச் சருகு, அழுகிய வாழைத்தண்டு, உடைத்தெறிந்த கொக்கோக் கோது ஆகியவற்றில்தான் அவை பெருகும். நாமோ முற்றத்தில் ஒரு சருகு கிடந்தாலும் விடியற்காலையில் கூட்டி எரித்துவிடுகிறோம். இந்தோனேசியாவின் சுலாவெசியில் ஆய்வாளர்கள் கையால் மகரந்தச் சேர்க்கை செய்து பார்த்தபோது விளைச்சல் இரு மடங்குக்கும் மேல் உயர்ந்தது. அதற்கு எவ்வளவு ஆட்கூலி என்பதையும் யோசிக்க வேண்டும்.

காய் கிடைத்துவிட்டதென்றே வைத்துக்கொள்வோம். பச்சை விதையில் சொக்லேட் மணம் துளியும் இராது, கசக்கும், துவர்க்கும். விதையைச் சுற்றியுள்ள வெண்சதையோடு குவித்து ஐந்து, ஆறு நாள் நொதிக்க விட வேண்டும். முதலில் மதுவங்கள் (ஈஸ்ட்) சர்க்கரையை மதுசாரமாக்கும். பிறகு பற்றீரியாக்கள் அதை வினாகிரி அமிலமாக்கும். அப்போது குவியல் 45, 50 பாகை செல்சியஸ் வரை கொதிப்பேறும். அந்தச் சூட்டிலும் அமிலத்திலும்தான் விதை இறந்து, உள்ளிருக்கும் புரதம் உடைந்து, வறுக்கும்போது மணமாக மாறும் பொருட்கள் உண்டாகின்றன. எந்த நுண்ணுயிர் எந்த மணத்துக்குக் காரணம் என்று இன்றுவரை ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். இரண்டு மரத்துக் காயை உடைத்துச் சட்டியில் வைத்தால் அந்தச் சூடு நிற்காது. நொதித்த பிறகு ஈரப்பதன் ஏழு வீதத்துக்கு வரும்வரை காய வைக்கவும் வேண்டும். மாரியில் காய் பழுத்தால் வெயிலுக்கு எங்கே போவது?

விலை பற்றிக் கட்டுரை சொன்னது உண்மைதான். 2024 டிசம்பரில் நியூயோர்க் சந்தையில் தொன் 12,000 டொலரைத் தாண்டியது. மேற்கு ஆபிரிக்காவில் வானிலையும் நோயும் சேர்ந்து விளைச்சலைக் கெடுத்ததால் வந்த விலை அது. மாவுப்பூச்சி பரப்பும் தண்டுவீக்க வைரசுக்கு மருந்தே இல்லை. அது பரவாமல் தடுக்கக் கானாவில் கோடிக்கணக்கான மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். 2025இலேயே விலை ஏறக்குறைய பாதியாக இறங்கிவிட்டது. இதைக் கட்டுரை ஏன் விட்டுவிட்டது?

பெட்டிச் செய்தியில் 'தினமும் சொக்லேட், இதயத்துக்கு நலம்' என்றும் போட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் 21,442 பேரிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. கொடுத்தது கொக்கோச் சாற்று மாத்திரை. சீனியும் பாலும் சேர்த்த சொக்லேட் அல்ல. மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட பாதிப்புகளின் மொத்த எண்ணிக்கை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. இதயநோய் மரணம் மட்டும் குறைந்தது. நீரிழிவுக்காரர் நிறைந்த ஊரில் பெட்டிச் செய்தியைக் கொஞ்சம் பார்த்துப் போடுங்கள்.

கொக்கோவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாத்தளையிலும் கண்டியிலும் அது தென்னைக்குக் கீழே நன்றாகவே வளர்கிறது. கந்தளாயில் வாய்க்கால் நீர் எட்டும் தென்னந்தோட்டங்களில் ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் சில ஆண்டு பரீட்சித்துப் பார்க்கலாம். முடிவு எதுவானாலும் உங்கள் பத்திரிகை அதை வெளியிடட்டும்.

இன்னொன்று. கொக்கோவில் பல இனங்கள் தம் சொந்த மகரந்தத்தால் காய்ப்பதில்லை. பொருத்தமான வேறு இனம் அருகில் நிற்க வேண்டும். வீட்டுக்கு ஒரு கன்று என்று விற்பவர் தரும் கன்றுகள் எந்த இனம், எந்த நாற்றுத் தவறணையில் வளர்ந்தவை என்பதைக் கட்டுரையாளர் விசாரித்து அடுத்த வாரமே எழுத வேண்டும். முற்பணம் கொடுத்தவர்கள் காத்திருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர்,
உவர்மலை, திருகோணமலை.