ஈச்சமரத்தடியில் இருப்பவள் தேவதை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ரோமானியக் காசுகள் பற்றிய கட்டுரையை இருமுறை படித்தேன். படங்களைப் பெரிதாக அச்சிட்டதற்கு நன்றி. ஆனால் வெஸ்பாசியன் மன்னரின் பித்தளைக் காசுப் படத்தின் கீழே 'ஈச்சமரத்தடியில் வெற்றித் தேவதை' என்று போட்டிருக்கிறீர்கள். அது பிழை. திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

ரோமானியரின் வெற்றித் தேவதை விக்டோரியாவுக்குச் சிறகு உண்டு. கையில் இலைமாலையோ கேடயமோ வைத்திருப்பாள். நீங்கள் அச்சிட்ட காசில் இருப்பவளுக்குச் சிறகு இல்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்: பேரீச்ச மரத்தின் அடியில் குறுகி உட்கார்ந்து, தலையைக் கையில் தாங்கியிருக்கிறாள். மரத்தின் மறுபுறம் போர் உடையில், ஈட்டியுடன் நிற்பவர் மன்னர். கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். இவளுக்குக் கவிழ்ந்தது ஊரே. சுற்றிலும் உள்ள எழுத்து 'யூதேயா காப்டா', அதாவது 'பிடிபட்ட யூதேயா'. யூதர்களின் நாடான யூதேயாதான் அந்தப் பெண்.

கி.பி. 66இல் யூதர்கள் ரோமுக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். 70இல் வெஸ்பாசியனின் மகன் டைட்டஸ் எருசலேமைப் பிடித்தார், ஆலயம் எரிந்தது. உண்மையில் யூதேயா கி.பி. 6 முதலே ரோமின் மாகாணம். கையில் இருந்த நாட்டையே புதிதாகப் பிடித்ததுபோல் காசு அடித்தார்கள் என்றால், வெஸ்பாசியனுக்கு அது தேவைப்பட்டது. அவர் பழைய அரச குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்லர். உள்நாட்டுப் போரில் அரியணை ஏறியவர். சந்தையில் கைமாறும் ஒவ்வொரு காசும் அவருடைய வெற்றியைச் சொல்லியாக வேண்டும். எருசலேம் ஆலயத்துக்கு யூதர்கள் ஆண்டுதோறும் கொடுத்துவந்த காணிக்கையையும் வரியாக மாற்றி, ரோமிலுள்ள ஜூபிடர் கோயிலுக்குக் கட்டச் சொன்னார். பிடுங்கியதோடு விடாமல் அதைக் காசில் பொறித்துக் காட்டியதுதான் என்னை உறுத்துகிறது.

கட்டுரையாளர் வெற்றி பெற்றவர் பக்கத்தோடு நின்றுவிட்டார். மறுபக்கமும் காசிலேயே இருக்கிறது. 132இல் பார் கொக்பா தலைமையில் யூதர்கள் மீண்டும் எழுந்தபோது, புழக்கத்தில் இருந்த ரோமானியக் காசுகளையே எடுத்து அவற்றின்மேல் தங்கள் அச்சை அடித்தார்கள். சிலவற்றில் அரைகுறையாக அழிந்த மன்னரின் தாடையும், பழைய எழுத்தின் மிச்சமும் இன்றும் தெரிகின்றன. அவற்றின்மேல் திராட்சைக் குலையும் யாழும் வந்தன. வெண்கலக் காசுகளில் அதே பேரீச்ச மரம் மீண்டும் வந்தது. அடியில் அழும் பெண் இல்லை. 'எருசலேமின் விடுதலைக்காக' என்று பழைய எபிரேய எழுத்தில் பொறித்தார்கள். 135இல் அந்தக் கிளர்ச்சியும் நசுக்கப்பட்டது. காசுகள் மட்டும் தப்பின.

அந்த மேலச்சுக் காசு ஒன்றின் படத்தையும் அடுத்த இதழில் திருத்தத்துடன் அச்சிடுங்கள். பள்ளிப் பிள்ளைகள் உங்கள் பக்கங்களை வெட்டி ஒட்டி வைக்கிறார்கள். இரண்டு காசுகளும் ஒரே பக்கத்தில் அவர்கள் கைக்குப் போகட்டும்.

இப்படிக்கு,
வாசகர், கும்பகோணம்