கருக்கினால் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழின் விமானக் கட்டுரையில், “அமெரிக்கா கண்டுபிடித்த கார்பன் இழை வேறொன்றுமில்லை, சூளையில் கருக்கிய அக்ரிலிக் நூல்தான்” என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அக்ரிலிக் இழை ஆலையில், ஸ்பின்னிங் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான்.

1958-ல் அமெரிக்காவில் ரோஜர் பேக்கன் என்ற இயற்பியலாளர் கார்பன் இழையில் செய்த வேலையை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அங்கே அப்போது மரக்கூழிலிருந்து எடுக்கும் ரேயான் இழையைத்தான் கார்பனாக்கிக்கொண்டிருந்தார்கள். அக்ரிலிக்கிலிருந்து கார்பன் இழை எடுக்கும் முறைக்கு 1959-ல் காப்புரிமை கேட்டவர் ஜப்பானில், ஒசாகா அரசுத் தொழில் ஆய்வுக்கூடத்தில் இருந்த அகியோ ஷிண்டோ. இன்று உலகத்தில் தயாராகும் கார்பன் இழையில் 90 சதவீதத்துக்கு மேல் அந்த வழியில் வருவதுதான். உங்களுக்குத் தெரியாததா இது? நான்கு பக்கக் கட்டுரையில் அவர் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

அப்புறம் அந்தக் ‘கருக்குவது’. முதலில் காற்றில், 200 முதல் 300 டிகிரிக்குள் பக்குவமாகச் சூடாக்க வேண்டும். அவசரப்பட்டால் இழை எரிந்தே போகும். பிறகுதான் நைட்ரஜனில் 1000 டிகிரிக்கு மேல். முதல் கட்டத்தில் இழை சுருங்கப் பார்க்கும். விடாமல் இழுத்துப் பிடித்தால்தான் உள்ளே மூலக்கூறுகள் நேராக நிற்கும், வலுவும் வரும். இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தின் வாட், ஃபிலிப்ஸ், ஜான்சன் மூவரும் 1964-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது இந்த நுட்பத்துக்குத்தான்.

இத்தனைக்கும் முன்னால் நூற்பு இருக்கிறது. இழையாக்கும் அக்ரிலிக் கரைசலில் ஒரு தூசி, ஒரு காற்றுக்குமிழி போதும். கார்பனான பிறகு இழை அந்த இடத்தில்தான் அறும். எங்கள் ஆலையில் ஃபில்டரை நேரத்துக்கு மாற்றாமல் விட்டு, கரைசல் இழையாக வெளிவரும் ஸ்பின்னரெட் துளைகள் அடைத்து, ஒரு ஷிப்ட் முழுக்க வந்த இழை கழிவுக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். கம்பளி நூலுக்குப் போகும் இழைக்கே அந்தக் கதி என்றால், விமான இறக்கைக்குப் போவதற்கு எவ்வளவு சுத்தம் வேண்டும்! நூற்கும்போது விழுந்த குறையை எந்தச் சூளையும் சரி செய்யாது.

இது முதல் முறையும் இல்லை. முன்பு ஓர் இதழில், ரோல்ஸ் ராய்ஸ் 1971-ல் திவாலானதற்குக் கார்பன் இழைதான் காரணம் என்று எழுதினீர்கள். அவர்களுடைய ஆர்பி211 விமான இன்ஜினின் கார்பன் விசிறி இறக்கைகள் பறவை மோதும் சோதனையில் தாங்கவில்லை, டைட்டானியத்துக்கு மாறினார்கள், சரி. அந்த இன்ஜினுக்கே செலவு கைமீறிப் போயிருந்ததை ஏன் விட்டீர்கள்? அன்றும் கடிதம் போட்டேன். பிரசுரிக்கவில்லை, பதிலும் இல்லை. அக்ரிலிக்கை ‘மட்டரகத் துணி’ என்று இன்னொரு கட்டுரை எழுதியது, அதையும் பொறுத்துக்கொண்டேன்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில் திருத்தமாக இரண்டு வரி: அகியோ ஷிண்டோ, ஒசாகா, 1959. இடமிருந்தால் அந்த மூவர் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்